ஏழு அடியும் இருபத்தைந்து அடியும்

அண்ணா,

நேற்று பெயின்ட் அடிக்க வந்தவர் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, "அக்கா, இந்த ஆணிங்கள பிடுங்கிடவா?" என்று கேட்டார். சமையலறை வாசல் சட்டத்துக்கு மேலே வரிசையாக ஒன்பது ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒயரைப் பிடித்து நிறுத்தும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி. வெள்ளையாக இருந்தவை, தாளிப்புப் புகை ஏறி இப்போது காபி நிறத்தில் இருக்கின்றன. பிடுங்குங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏனோ வரவில்லை. "அது மேலேயே அடிச்சிடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பிரஷ்ஷை நனைத்தார்.

அந்த ஆணிகளை அடித்தவர் நீங்கள். கல்யாணமாகி, குடியாத்தத்திலிருந்து இந்த மர்பி டவுன் வீட்டுக்கு வந்து எனக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒக்கலிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினீர்கள். கையில் தில்பசந்த், அந்தத் தேங்காய் வைத்த இனிப்பு ரொட்டிப் பொட்டலம். "சிஸ்டர், நான் இவனோட ஃபேக்டரிதான். பக்கத்து பெஞ்சு" என்றீர்கள். நான் காபி கலந்து எடுத்து வருவதற்குள் ஸ்டூல் போட்டு என் சமையலறை வாசலுக்கு மேலே சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தீர்கள். அதே இடத்தில் மாவிலைத் தோரணம் கட்ட ஒரே ஒரு ஆணி அடித்துக் கொடுங்கள் என்று நான் இவரிடம் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் ஒயருக்கு ஒன்பது ஆணி ஒரே மூச்சில் ஏறிவிட்டது. என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது. அதை இப்போது சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. "பர்வாகில்ல சிஸ்டர்" என்று சிரித்து என் வாயை உங்களால் அடைக்க முடியாது.

எங்கள் ஹால் நீளமானது, அகலமில்லாதது. பிளக் பாயின்ட் இடது மூலையில் ஒன்றே ஒன்று. அதனால் நீங்கள் இருவரும் எஸ்.பி. ரோட்டில் சாமான் பொறுக்கி வந்து செய்த ஆம்ப்ளிஃபையரை அங்கேதான் வைக்க வேண்டியிருந்தது. பக்கத்திலேயே இடது ஸ்பீக்கர். அதற்கு ஏழு அடி ஒயர் போதும். வலது ஸ்பீக்கர் சமையலறை வாசலுக்கு அந்தப் பக்கம். அதற்குப் போகிற ஒயர் சுவரேறி, என் தலைக்கு மேலே வாசலைத் தாண்டி, மறுபக்கம் இறங்கிப் போய்ச் சேர இருபத்தைந்து அடி. இந்த ஏழும் இருபத்தைந்தும் மூன்று வருஷம் என் காதில் விழாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

இவருக்கு இரண்டு ஒயரும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும். ஒரு பக்கத்துச் சத்தம் முன்னே வந்து மறு பக்கத்துச் சத்தம் பின்னே வந்தால் ஸ்டீரியோவே கெட்டுப்போகும் என்பார். அதனால் இடது பக்கத்துக்கும் இருபத்தைந்து அடியே போட்டு, மிச்சம் பதினெட்டு அடியை ஸ்பீக்கர் பின்னால் ஜாங்கிரி மாதிரி சுற்றி வைத்திருந்தார். நீங்கள் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வீர்கள். இவர் உங்களுக்கு எப்போதும் 'குரு'தான்.

"குரு, கரன்ட் என்ன மர்பி டவுன்லருந்து மெஜஸ்டிக்குக்கு பஸ் புடிச்சா போகுது? இருபத்தஞ்சு அடியெல்லாம் அதுக்கு ஒரு தூரமா? ஒயர் தடியா இருக்கணும், அஷ்டே, அவ்வளவுதான். மெல்லிசா எடுத்து ரொம்ப நீளமா இழுத்தாதான் சத்தம் கொஞ்சம் தேயும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா. ஜோடின்னா ஜோடியா இருக்கணும். ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸ் போட்டுக்கிட்டு நடப்பியா நீ?"

"பாட்டு நடக்கல குரு, காத்துல வருது."

இப்படியே மத்தியானம் வரைக்கும் போகும். நான் உள்ளே கறிக்குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருப்பேன். நியாயம் உங்கள் பக்கம் என்று எனக்கும் தெரியும். அந்தப் பதினெட்டு அடிச் சுருளைத் தூசி தட்டுகிறவள் நான்தானே. ஆனாலும் உங்கள் பக்கம் பேச மனசு வராது. நீங்கள் ஜெயித்துவிடக் கூடாது என்று மிளகாயோடு சேர்த்து உங்களையும் அரைத்துக்கொண்டிருப்பேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இவர் என்னிடம் பேசுவதை எண்ணிவிடலாம். சாவி எங்கே, குடை எங்கே, உப்பு கொஞ்சம் தூக்கல். வாரத்தில் ஆறு நாள் ஷிஃப்ட், தூக்கம். ஏழாவது நாள் காலை பத்து மணிக்கு உங்கள் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதும் இந்த மனிதருக்கு முகமே வேறாகிவிடும். அவருக்கு இவ்வளவு பேச வருமா, இப்படிச் சிரிக்க வருமா என்று சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சிரிப்பை உங்களுக்கென்றே எடுத்து வைத்திருந்தார் போல. நீங்கள் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருக்கலாம். தில்பசந்த் வாங்கி வருகிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது? அதுவும் அந்தத் தில்பசந்த் ருசியாக வேறு இருக்கும்.

தொண்ணூற்று மூன்றில் எனக்கு நாலாம் மாதத்தில் கலைந்துபோனது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் இவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேசட் முடிந்து ஹால் அமைதியாக இருந்தது. நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். "பேரு கூட வச்சிட்டேன்டா" என்று இவர் உங்களிடம் சொன்னது கேட்டது. நீங்கள் என்ன பேர் என்று கேட்டீர்கள். அவர் சொன்னார். என் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அதன் அப்பா வைத்திருந்த பேர், எனக்கு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. அரிசியை அப்படியே போட்டுவிட்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். இவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் உங்கள்மேல். என்னுடையதை எடுத்துக்கொண்டு போகிறீர்களே என்று கரித்துக் கொட்டினேன். அன்றும் உங்களுக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றியது இந்தக் கைதான்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து நடந்தது இன்னொன்று. டேப் டெக்கில் பிசுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் உள்ளே துடைத்துவிட்டேன். பாட்டு மூக்கடைத்த மாதிரி வந்தது. இவர் உங்கள் எதிரிலேயே என்னைப் பிடி பிடியென்று பிடித்தார். "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினார். நான் உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். நீங்கள் எழுந்து வாசல்வரை வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். "குரு, பஞ்சு கொடு, ரெண்டு நிமிஷ வேலை" என்று சொல்லிச் சரி செய்தீர்கள். நீங்கள் பார்த்துவிட்டீர்களே என்பதுதான் அன்று எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அடுத்த வருஷம்தான் அந்தப் பரீட்சை. தர்க்கம் பண்ணிப் பண்ணி இரண்டு பேருக்கும் அலுத்துப்போய், காதாலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தீர்கள். ஏழடி ஒயர் ஒன்று, இருபத்தைந்து அடி ஒயர் ஒன்று. இடது ஸ்பீக்கருக்கு மாற்றி மாற்றிப் போட வேண்டும். கேட்கிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் நீங்கள், அப்புறம் இவர். ஒருவர் கேட்கும்போது மற்றவர் வீட்டிலேயே இருக்கக் கூடாது, மூஞ்சியே காட்டிக் கொடுத்துவிடும் என்று இவர் தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டார். ஒயரை மாற்றவும், நீங்கள் சொல்வதை எழுதவும் ஒரு ஆள் வேண்டுமே. மூன்று வருஷத்தில் முதல் முறையாக என்னை ஹாலுக்குள் கூப்பிட்டீர்கள். கிளிப்பை எப்படி அழுத்துவது என்று இவர் என் விரலைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அந்தப் பரீட்சையையே மன்னித்தேன்.

என் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். முதல் சுற்று, குட்டை ஒயர். வீணைக் கேசட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கேட்டீர்கள். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே, "பலக்கெ கம்மி சிஸ்டர்" என்றீர்கள். நான் காகிதத்தில் 'பலம் கம்மி' என்று எழுதினேன். ஸ்விட்சை அணைத்து, நீள ஒயரை மாட்டி, மறுபடி போட்டேன். "அப்படியே இருக்குது" என்றீர்கள். 'அப்படியே இருக்கு' என்று எழுதினேன். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் கரன்ட் போய்விட்டது. அதற்கப்புறம் அன்றைக்கு வரவே இல்லை.

இவர் வந்து காகிதத்தைப் பிடுங்கிப் படித்தார். குதித்தார் என்றே சொல்ல வேண்டும். "பாத்தியா! குட்டை ஒயர் போட்டா பலம் கம்மி. சமமா போட்டா பாட்டு அச்சு அசலா அப்படியே இருக்கு! உன் வாயாலயே சொல்லிட்டே!"

"நான் எங்க அப்படி சொன்னேன்?" என்று துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்து காகிதத்தைப் பார்த்தீர்கள். பார்த்ததும் லேசாகச் சிரித்தீர்கள். "சிஸ்டர், இது…" என்று ஆரம்பித்தீர்கள்.

"அவ தப்பா எழுதிட்டான்னு சொல்றியா?" என்று இவர் என் பக்கம் திரும்பினார். குரலில் அந்த ஈரத்துணி நாளின் சூடு இருந்தது. "என்னடி, ஒழுங்காத்தானே எழுதினே?"

"அவர் சொன்னதைத்தாங்க எழுதினேன்" என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்கள் ஒரு வினாடி என்னைப் பார்த்தீர்கள். பிறகு, "சரி குரு, சொல்லியிருப்பேன் போல. விடு" என்றீர்கள். அன்றைக்குக் கறிக்குழம்பு நன்றாக இருந்தது என்று வழக்கம் போலச் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள்.

இவர் சும்மா விட்டாரா? திங்கட்கிழமை ஃபேக்டரி முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். உங்கள் காதை நம்பி ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் எத்தனை பேர். அந்தக் காதே கட்சி மாறிவிட்டது என்று வேடிக்கை. அங்கே எவனோ ஒருவன் 'பலம் கம்மி' என்பதையே உங்களுக்குப் பட்டப்பேராக வைத்துவிட்டான். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லாத மனிதரை கேன்டீனில், "பலம் கம்மி வர்றார் பாரு" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? இவர் அந்த அர்த்தத்தில் ஆரம்பிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் தெரியவில்லை. புதன்கிழமை நீங்கள் பெஞ்சை மாற்றிக் கேட்டு வேறு செக்‌ஷனுக்குப் போய்விட்டீர்கள். "நான் என்ன பொய்யா சொன்னேன்? அவன் சொன்னதைத்தானே சொன்னேன். காகிதம் இருக்குல்ல" என்று இவர் என்னிடம் வந்து நின்றார். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

எனக்கு உண்மை தெரிந்தது செவ்வாய்க்கிழமை, அண்ணா. அதாவது நீங்கள் பெஞ்சை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்னால். ஜீவனஹள்ளியில் சித்தி வீட்டுக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். தெரு பிரிகிற இடத்தில் டிரைவர், "பலக்கா, எடக்கா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. சித்தி வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். "பலக்கா, சரி" என்று சொல்லி வண்டியை வலது பக்கம் திருப்பினார். வண்டி திரும்பியபோது எனக்கும் எல்லாம் திரும்பியது. நீங்கள் சொன்னது கன்னடத்தில் வலப்பக்கம். வலப்பக்கத்தில் சத்தம் குறைவாக இருக்கிறது, ஒயரை மாற்றிய பிறகும் அப்படியேதான் இருக்கிறது. அதாவது ஒயரின் நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் ஜெயித்திருந்தீர்கள். நான்தான் வலப்பக்கத்தை பலமாக்கி எழுதியிருக்கிறேன்.

வலப்பக்கம் ஏன் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஸ்பீக்கர் என் சமையலறை வாசலை ஒட்டி இருக்கிறது. துணி சத்தத்தைத் தின்றுவிடும் என்று இவர் வாசல் திரையையும் கழற்றி வைத்துவிட்டார். பாதிப் பாட்டு உள்ளே என்னிடம்தான் வந்துகொண்டிருந்தது. என்னை ஒருவர் கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பேன். யார் கேட்டீர்கள்?

அன்று சாயங்காலம் இவர் வந்ததும் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், ஈரத்துணிக்குத் திட்டிய மாதிரி. அதற்குப் பயந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். உங்கள் இருவருக்கும் முட்டிக்கொண்டது என்று தெரிந்ததும் உள்ளே ஒரு மூலையில் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. இவர் பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். ஸ்கூட்டர் சத்தம் எது கேட்டாலும் தலை திரும்பும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதாவது பேச்சுக் கொடுத்தால், "ம்" என்பார். ஆசையாகச் சமைத்ததை உம்மென்று தின்பார். மகள் பிறந்த பிறகு கொஞ்சம் பேச்சு வந்தது, அதுவும் அவளிடம்தான். நான் உங்களை விரட்டிவிட்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அது எனக்கான இடமே இல்லை.

நாலு வருஷம் கழித்து சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. என் கையிலிருந்த குழந்தையைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம் உங்கள் முகத்தில். "குரு எப்படி இருக்கான்?" என்று கேட்டீர்கள். நல்லா இருக்கார் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு நீங்களே சொன்னீர்கள்:

"சிஸ்டர், அன்னைக்கு நான் பலக்கென்னு சொன்னேன். நீங்க பலம்னு எழுதிட்டீங்க. பேப்பர் பாத்ததுமே புரிஞ்சிடுச்சு. உங்க தப்பு இல்ல, என் பாஷையோட தப்பு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொன்னா அவன் உங்கள புடிச்சிக்குவான். ஒருவாட்டி பாத்தேன், போதும். ஒரு ஒயருக்காக எதுக்கு சிஸ்டர்?" பிறகு சிரித்தீர்கள். "நெஜத்த சொன்னா உங்க கிச்சன்தான் பாதிப் பாட்ட சாப்பிட்டுச்சு."

எனக்கு மட்டுமே தெரியும் என்று வைத்திருந்ததையும் நீங்கள் கண்டுபிடித்திருந்தீர்கள். எனக்கு வந்திருக்க வேண்டியது நன்றி. காலில் விழுந்திருக்கலாம். எனக்கு வந்தது பொறாமைதான். இவரோடு ஏழு வருஷம் வாழ்ந்தும் இவருக்காகவோ இவருடைய வீட்டுக்காகவோ நான் எதையும் இப்படிச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்ததில்லை. நீங்கள் நண்பனையே விட்டுக்கொடுத்திருந்தீர்கள், அதுவும் எனக்காக. 'வீட்டுக்கு வாங்கண்ணா, நான் அவர்கிட்ட சொல்றேன்.' இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீங்களும் அதற்காகக் காத்திருந்த மாதிரிதான் நின்றீர்கள். "பஸ் வந்துடுச்சு அண்ணா" என்றேன். அது என் பஸ்கூட இல்லை. ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு நாள் ஃபேக்டரியிலிருந்து இவர் நேரம் கெட்ட நேரத்தில் வந்து நின்றார். "போயிட்டான்" என்றார். நெஞ்சுவலியாம், வேலை நேரத்திலேயே. ஒக்கலிபுரத்துக்குப் போனோம். உங்கள் மனைவி இவரைப் பார்த்ததும், "உங்க குரு வந்திருக்காரு பாருங்க" என்று உங்களிடம் சொல்லி அழுதார். ஒன்பது வருஷம் பேசாத மனிதரை அந்த வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவர் உங்கள் காலருகில் நின்றார். அழவில்லை. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் போட மறந்து நின்றார். நான்தான் வாங்கிப் போட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் இவர், பக்கத்தில் நான். பிறகு திடீரென்று என் தோளில் தலையைச் சாய்த்து, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அழுகைக்கு நடுவே கேட்டார்:

"அன்னைக்கு அவன் நெஜமாவே அப்படித்தான் சொன்னானா? நீதானே எழுதினே. சொல்லு."

அதுவரைக்கும் நான் தப்பாக எழுதினேன், அப்புறம் சொல்லாமல் இருந்தேன். பொய் என்று ஒன்றும் சொன்னதில்லை. அந்த பஸ்ஸில் சொல்லியிருந்தால் நீங்கள் செத்த அன்றாவது உங்களை ஜெயிக்க வைத்திருப்பேன். ஆனால் அவர் தலை என் தோளில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அதை எடுத்துக்கொண்டுவிடுவார்.

"ஆமாங்க. அப்படித்தான் சொன்னார்" என்றேன்.

அந்தப் பொய்யை இன்றுவரை வைத்திருக்கிறேன் அண்ணா. திருப்பி எடுக்கவும் தெரியவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என் தோளில் சாய்ந்து அழுதது அந்த ஒரு நாள்தான். அதுவும் உங்களுக்காக.